கால் கற்றுக்கொள்ளும், கைதான் பாடு

அமெரிக்காவின் கன்ட்ரி பாடல்களில், பாடகர் ஒரு வரியைப் பாடி மூச்சு வாங்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்கும். இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். அதில் ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று அதை உரசிக்கொண்டே மேலே ஏறும். வயலினிலும் சாதாரண கிட்டாரிலும் இதே ஒலி எளிதில் வராது. அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். பெயரில்தான் கிட்டார், பார்த்தால் நான்கு கால் வைத்த குறுகலான மேசை. மேலே பத்துத் தந்திகள், கீழே மூன்று பெடல்கள், முழங்காலுக்கு நான்கைந்து லிவர்கள். வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உருக்கு உருளையை இடக்கையில் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்குவார். இந்த உருளைக்கு பார் என்று பெயர். வலக்கையில் கட்டைவிரலிலும் இன்னும் இரண்டு விரல்களிலும் பிக் மாட்டிக்கொண்டு மீட்டுவார். இடப் பாதம் பெடல்களில் இருக்கும். வலப் பாதம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடலில் இருக்கும். முழங்கால்கள் இடமும் வலமுமாக லிவர்களைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

நடுத்தர வயதில் இதன்முன் உட்காருகிறவர்களுக்கு முதலில் வருவது கால் பயம். இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் என்று ஆறும் ஆளுக்கொரு வேலை செய்தால் தலை தாங்குமா? பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உட்கார்ந்தபடியே வலப் பாதத்தைக் கடிகாரமுள் போகும் திசையில் சுற்றிக்கொண்டு, வலக்கை விரலால் காற்றில் 6 என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் திசை மாறிவிடும். 1980-களில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் இதை இன்னும் எளிமையாகக் காட்டினார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரே பக்கமாக, கார் வைப்பர் போல, ஆட்டச் சொன்னார். வேகம் கூடக் கூட ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக ஆடத் தொடங்கின. உறுப்புகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வது மூளையின் இயல்பு.

ஆனால் பெடல் ஸ்டீலில் காலுக்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு மாதிரியானது. அது தெரிய வேண்டுமானால் மேசையைக் கவிழ்த்து அடியில் பார்க்க வேண்டும்.

அடியில் இருப்பது ஒரு சைக்கிள் பட்டறை. பெடலை மிதித்தால் ஒரு செங்குத்துக் கம்பி கீழே இறங்குகிறது. அது ஒரு குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. தண்டில் பொருத்திய சிறு நெம்புகள் நீளமான இழுகம்பிகளை இழுக்கின்றன. அந்தக் கம்பிகள் வலக் கோடியில் இருக்கும் சேஞ்சர் என்ற பகுதிக்குப் போகின்றன. ஒவ்வொரு தந்தியும் அங்கே ஓர் உலோக விரலின்மேல் வளைந்து மாட்டப்பட்டிருக்கிறது. விரல் துளி திரும்பினால் தந்தி இறுகும், சுரம் ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கோடித் தகட்டில் வரிசையாக இருக்கும் சின்ன நைலான் நட்டுகளைத் திருகி முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். அதற்குமேல் விரல் போகாது, தடுப்பில் முட்டி நின்றுவிடும்.

இந்தத் துளித் திருப்பம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு முழுச் சுரம் ஏற அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். ஐந்தாம் தந்தியை எடுத்துக்கொள்வோம். 61 சென்டிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். பி சுரத்தில் அது சுமார் 10.5 கிலோ எடைக்குச் சமமான விசையில் நிற்கிறது. முதல் பெடலை மிதித்தால் சி ஷார்ப்புக்கு ஏறுகிறது; விசை 13 கிலோவைத் தாண்டுகிறது. இதற்குத் தந்தி நீளும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. கேட்பவர் நெஞ்சைப் பிசையும் அந்த விம்மல், உருக்கு அரை மில்லிமீட்டர் நீள்வதுதான்.

இப்படியொரு பொறி எதற்கு வந்தது? ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுக்கு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் கிடத்தி உலோகத் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் அந்த இசைக்குக் கிறுக்குப் பிடித்தது. வழுக்கல் என்பது நமக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் கருங்காலிக் கட்டையால் செய்வதும் அதையே. ஆனால் கோட்டுவாத்தியத்துக்கு வேண்டியது ஒற்றை ராக ஓட்டம். மேற்கத்திய இசைக்கு வேண்டியது கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. நேரான பாரைத் தந்திகளுக்குக் குறுக்கே வைத்தால் ஒரே வடிவக் கூட்டுத்தான் மேலும் கீழும் நகரும். வேறு வடிவம் வேண்டுமென்றால் பாரைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் சுருதி தவறும். பாரால் மாற்ற முடியாத வடிவத்தைக் காலால் மாற்றலாமே என்று யோசித்ததில் பெடல் வந்தது.

முதலில் பெடலை ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மட்டுமே பயன்படுத்தினார்கள். 1954-இல் பெரிய வெற்றி பெற்ற கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் நிற்க இன்னொன்று ஏறும் அந்த ஒலியை வானொலியில் கேட்ட ஸ்டீல் வாசிப்பாளர்கள் எல்லோருக்கும் உடனே அது வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டி எமன்ஸ் என்ற வாசிப்பாளர் ஒரே பெடல் செய்த வேலையை இரண்டு பெடல்களுக்குப் பிரித்தார், தந்திகளையும் கூட்டினார். இன்று பழகுகிறவர் உட்காரும் ஈ9 என்ற சுருதியமைப்பு அங்கிருந்து வந்தது. பெடல் தொடாமல் பார் விரல்பலகையின் பன்னிரண்டாம் கோட்டில் இருந்தால் ஈ மேஜர் கார்டு. முதல் பெடலோடு ஒரு லிவரைச் சேர்த்தால் அதே கார்டு மூன்றாம் கோட்டில் கிடைக்கும். முதல் இரண்டு பெடல்களையும் மிதித்தால் ஏழில் கிடைக்கும். ஒரே ஊருக்கு மூன்று வழி தெரிந்தவுடன், எந்த வழியாக எந்த வழிக்குப் போகலாம் என்பதே வாசிப்பு.

இப்போது காலுக்கு வருவோம். பெடலுக்கு மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை. இரண்டிலும் சுருதி திருகி வைத்தது. காலுக்கு நுணுக்கம் வேண்டாம், நேரம் தெரிந்தால் போதும். கியர் வண்டி ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் பழகியதுபோல இதுவும் பழகிவிடும். முதல் இரண்டு பெடல்களை ஒரே பாதத்தால் மிதித்து, கணுக்காலை இடப்பக்கம் சரித்து ஒன்றை மட்டும் விடுவிக்கும் வித்தைதான் கொஞ்சம் படுத்தும். அதுவும் தடுப்புக்குத் தடுப்பு அசையும் வேலையே. இத்தகைய அசைவுகளை மூளை சீக்கிரம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பின்னறைக்குத் தள்ளிவிடுகிறது.

பார் அப்படியில்லை. அதற்குத் தடுப்பே கிடையாது. விரல்பலகையில் இருக்கும் கோடுகள் வெறும் வண்ணம். கிட்டாரின் ஃப்ரெட்போலத் தந்தியை எங்கும் தொடுவதில்லை. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். பன்னிரண்டாம் கோட்டில் பார் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் சுருதி சுமார் 6 சென்ட் விலகும். அதே ஒரு மில்லிமீட்டர் முதல் கோட்டில் பாதிதான். மேலே போகப் போக மன்னிப்புக் குறைகிறது. கண்ணை நம்பவும் முடியாது, ஏனென்றால் தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி இருப்பதால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே கோடு இடம் மாறித் தெரியும்.

டியூனர் என்ற சுருதி காட்டும் கருவி சொல்வதையும் முழுக்க நம்ப முடியாது. அது காட்டும் சமச்சுருதிப்படி, அதாவது எல்லா அரைச்சுரங்களும் சம அளவில் இருக்கும் முறைப்படி, ஈ-யையும் அதற்குமேல் ஜி ஷார்ப்பையும் சேர்த்து மீட்டினால், ஒன்றின் ஐந்து மடங்கு அதிர்வெண்ணும் மற்றதன் நான்கு மடங்கு அதிர்வெண்ணும் நொடிக்கு 13 தடவை மோதி ஓர் உறுமல் எழும். இயற்கையாகச் சேரும் ஜி ஷார்ப் அதற்கு 14 சென்ட் கீழே இருக்கிறது. அதனால் பல ஸ்டீல் வாசிப்பாளர்கள் அந்தத் தந்தியை வேண்டுமென்றே இறக்கிக் கட்டுகிறார்கள். பத்துத் தந்திகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுப்பதால், பெடல் மிதிக்கும்போது மரப்பெட்டியே கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து மற்ற தந்திகள் சில சென்ட் தளர்வதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே சரியான இடம் எது என்று காது ஒன்றுதான் சொல்லும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கையை நடுக்கி அதிர்வு கொடுக்க ஆரம்பிப்பது இதனால்தான். அதிர்வுக்குள் தப்பு மறைந்துகொள்ளும். நடுங்காத நேர்ச்சுரம் கைவராமல் அதிர்வு பழகுவது, என் கணக்கில், கடன் வாங்கி விருந்து வைப்பது.

வலக்கைக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் முதலில் எதிர்பார்ப்பதில்லை. மீட்டுவது எளிது, நிறுத்துவது கடினம். இந்தத் தந்திகள் நீண்ட நேரம் ஒலிப்பவை. ஒன்றை மீட்டி அடுத்ததற்குப் போகும்முன் முந்தையதை அணைக்காவிட்டால் எல்லாம் குழம்பி இரைச்சலாகும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பைத் தந்திகளில் பதித்து அணைக்க வேண்டும். விரல் மீட்டும் கணத்தில் கை எழ வேண்டும், ஒலி போதுமென்றதும் மறுபடி படிய வேண்டும். தேர்ந்தவர் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால், மீட்டும் நேரத்தைவிட அணைக்கும் நேரமே அதிகம். இடக்கையும் சும்மா இருப்பதில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்திகளைத் தடவியபடி வந்து, உருக்கு உரசும் கிறீச்சொலியை விழுங்கும். ஒலியளவுப் பெடலும் இதே ரகம். மீட்டும்போது பாதி மூடி, ஒலி மங்க மங்கத் திறந்துகொண்டே போனால் சுரம் சாகாமல் நீளும். தெரியாதவர் கால் அதைத் தாளம் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கும்.

வயதான மூளைக்கு இதெல்லாம் வருமா? 1995-இல் தாமஸ் எல்பெர்ட் குழுவினர், வயலின் போன்ற தந்திக் கருவிகளை வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு அது கூடுதல். ஏழு வயதுக்குள் தொடங்கியவர்களின் தாளத் துல்லியம் சிறப்பு என்று வேறு ஆய்வுகளும் உண்டு. ஆகவே குழந்தைகளுக்கு அனுகூலம் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். அதற்காக வாசல் மூடியதாகச் சொல்வதும் பொய். 2004-இல் வளர்ந்தவர்களுக்கு மூன்று பந்துகளை எறிந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஜெர்மானிய ஆய்வில், மூன்றே மாதத்தில் மூளையின் சாம்பல் பொருள் கூடியிருந்தது; பயிற்சியை விட்டதும் குறைந்தது. 2008-இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடமும் அதே மாற்றம் தெரிந்தது. அவர்கள் இளையவர் அளவுக்குக் கைதேரவில்லை, மூளை மட்டும் சளைக்காமல் மாறியது.

இந்தக் கருவியைப் பொறுத்தவரை வளர்ந்தவருக்கு ஒரு முன்கூட்டிய சேமிப்பும் உண்டு. இத்தனை வருடம் பாட்டுக் கேட்ட காது. கை வழுக்கும்போது தப்பை உடனே சொல்லும் ஆள் உள்ளேயே இருக்கிறார். ஜெர்ரி கார்சியாவைப் பாருங்கள். ராக் உலகில் பெயர்பெற்ற கிட்டார் கலைஞர், வலக்கை நடுவிரலில் பெரும்பகுதி இல்லாதவர். இருபதுகளின் நடுவில், 1969-இல்தான் பெடல் ஸ்டீலைத் தீவிரமாகக் கையிலெடுத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘டீச் யுவர் சில்ட்ரன்’ பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பது அவர் வாசிப்பு. வித்தகர் வாசிப்பு அல்ல அது. காதுள்ளவர் வாசிப்பு.

அன்று கற்க நூலே அரிது. வின்னி வின்ஸ்டனும் பில் கீத்தும் எழுதிய விரிவான பாடநூல் 1975-இல்தான் வந்தது. இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை, பழகும் விதத்தில்தான் கோளாறு. ஒரே துணுக்கை ஐம்பது தடவை தொடர்ந்து வாசித்தால் ஐம்பதாவது நன்றாக வரும், நாளைக் காலையில் காணாமல் போகும். 1979-இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கையசைவுப் பணிகள் மூன்றைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும் சிலருக்குக் கலந்தும் பழக்கினார்கள். பழகும்போது முந்தியவர்கள் முதல் கூட்டம். பிறகு சோதித்தபோது முந்தியவர்கள் கலந்து பழகியவர்கள். ஆக, அணைப்பு கொஞ்சம், நேர்ச்சுரம் கொஞ்சம், பெடல் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பழகுவதே மேல், அப்போது எரிச்சலாக இருந்தாலும். இரவில் தூங்குவதும் பாடத்தில் சேர்த்தி. 2002-இல் மேத்யூ வாக்கர் குழு நடத்திய விரல்தட்டுச் சோதனையில், ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள்.

கடைசியாக ஒரு செலவுக் கணக்கு. தினமும் பழகுகிறவரிடம் அடிக்கடி அறுவது மூன்றாம் தந்தி. இருப்பதிலேயே உயர்ந்த சுரம் அதுதான். இரண்டாவது பெடல் அதை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு, அதாவது 440 ஹெர்ட்ஸுக்கு, இழுக்கிறது. தடித்த தந்தி போட்டால் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. தடித்தால் எடையும் கூடும், அதே சுரத்துக்குக் கொண்டுவர அதற்கேற்ப இன்னும் இழுக்க வேண்டும். சதுர மில்லிமீட்டருக்கு விழும் பாரம் மாறவே மாறாது. ஏற்கெனவே அது உருக்கின் தாங்குதிறனில் முக்கால் பங்கைத் தாண்டி நிற்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் சேஞ்சர் வளைவில் மடங்கி மடங்கி அலுத்து, ஒருநாள் பாட்டு நடுவில் டப்பென்று போகும். அந்த ஒரு தந்தியை மட்டும் டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள்.