தீயை எதிர்நோக்கும் உத்தியோகம்

பெண்ணாடத்திலிருந்து வாலிபர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர். தீயணைப்பு இலாகாவில் நிலைய அலுவலர் பதவிக்குப் பரீட்சை எழுத விரும்புகிறார். தகப்பனார் சம்மதிக்கவில்லை. "படித்த பிள்ளை தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் ஓடுவதா? தாலுகா ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதாதா?" என்பது அவர் கேள்வி. தாயாருக்கோ பிள்ளையின் உயிரைப் பற்றிய கவலை. "இருவருக்கும் நான் என்ன பதில் சொல்வது?" என்று நம்மைக் கேட்டிருக்கிறார் அவ்வாலிபர்.

ஒரு குடும்பத்தின் விவகாரம் என்று இதைத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. நம் நாட்டில் எந்த உத்தியோகத்தைக் கௌரவமென்று ஜனங்கள் எண்ணுகிறார்கள், எதை இளப்பமாக நினைக்கிறார்கள் என்பதில் தேசத்தின் க்ஷேமமே அடங்கியிருக்கிறது. ஆகையால் பகிரங்கமாகவே பதில் சொல்லத் துணிந்தோம்.

முதலில் தகப்பனாரின் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். தீயணைப்பு வேலை உடல் வலிமை ஒன்றாலேயே ஆவது, அதற்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. மணி அடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வரும், தண்ணீரை வாரி இறைக்கும், நெருப்பு அணையும், வண்டி திரும்பிவிடும். ஜனங்கள் கண்டது இவ்வளவுதான். வண்டியிலிருந்து முதலில் இறங்கும் மனிதரின் மூளை அந்த ஒரு நிமிஷத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை யார் கண்டார்கள்?

நெருப்புக்கு வேண்டியவை மூன்று: எரியும் பொருள், உஷ்ணம், பிராணவாயு. இம்மூன்றில் ஒன்றைப் பிரித்துவிட்டால் தீ அணையும். எதைப் பிரிப்பது, எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கூரை வீட்டுத் தீக்குத் தண்ணீர் அமிர்தம். அதே தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால் அது அடியில் இறங்கி நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் நாற்புறமும் சிதறி, அணைக்க வந்தவனையே பொசுக்கிவிடும். அடுப்பு எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அவ்விடத்தில் மின்விளக்கின் பொத்தானை அழுத்துவதும் தீக்குச்சி கிழிப்பதும் ஒன்றுதான். பூட்டிய அறையில் பிராணவாயு தீர்ந்து அடங்கிக் கிடக்கும் நெருப்பு, கதவைத் திறந்த மாத்திரத்தில் புலிபோல் பாயும். சர்க்கரை ஆலைகளில் மலையாகக் குவிந்திருக்கும் கரும்புச் சக்கையில் மேலே தீ அணைந்த பிறகும் உள்ளே நாட்கணக்கில் கனல் இருக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்தான் தலைமை வகிக்க முடியும். எந்தக் கதவைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது, யாரை உள்ளே அனுப்புவது, எப்பொழுது எல்லோரையும் வெளியே அழைப்பது என்ற தீர்மானங்களை அவர் புகைக்கு நடுவே, அலறலுக்கு நடுவே செய்ய வேண்டும். நியாயஸ்தலத்தில் வாய்தா வாங்கலாம். மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். நெருப்பின் முன் வாய்தாவும் இல்லை, அப்பீலும் இல்லை. வக்கீல் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த நாம் இதைச் சற்றே வெட்கத்துடன்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவில் இந்தத் தலைவரைக் கேப்டன் என்பார்கள். நம் ராஜ்யத்தில் நிலைய அலுவலர் என்பது பெயர். பெயர் எதுவானாலும் பொறுப்பு ஒன்றே. இந்தப் பொறுப்புக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. 1824ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் நகரத்தார் ஒரு தீயணைப்புப் படையை அமைத்தபோது அதற்குத் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற இளைஞர். வெளியே நின்று தண்ணீரை வீசுவதால் பயனில்லை, தீயின் மூலஸ்தானம் வரை சென்று அடிக்க வேண்டும் என்று அவர் தம் படையினரைப் பழக்கினார். பிறகு லண்டன் படைக்குத் தலைவரானார். 1861 ஜூன் 22இல் தேம்ஸ் நதிக்கரைக் கிடங்குகளில் மூண்ட பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து மாண்டார். படையினரை முன்னே அனுப்பிவிட்டுத் தூரத்தில் நின்ற தலைவர் அல்லர் அவர்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? 1944 ஏப்ரல் 14ஆம் தேதியை நம் தேசம் மறக்கலாகாது. அன்று பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் தீப்பற்றியது. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. அணைக்க வந்த வீரர்கள் கடைசிவரை குழாயைக் கீழே வைக்கவில்லை. கப்பல் வெடித்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஐத் தேசியத் தீயணைப்புத் தினமாக அனுஷ்டிப்பது அவர்கள் நினைவாகவே. யுத்த களத்தில் விழுந்த சிப்பாய்க்கு எந்த மரியாதை உண்டோ, அந்த மரியாதை இவர்களுக்கும் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தேதி தெரியும்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1997 ஜூன் 7இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்தனர். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையற்கட்டுக் கூரையில் பற்றிய நெருப்பு மேல் மாடிக் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. இந்த இரண்டிலும் சாவுக்குக் காரணம் நெருப்பு மட்டுமா? கீற்றுக் கூரையும், குறுகிய வழியும், ஓட இடமின்மையும் அல்லவா? வண்டி எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளில் எத்தனை பேரை மீட்டிருக்க முடியும்? அவர்களைக் காப்பாற்றும் வேளை அன்று காலையில் இல்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்னால், அந்த மாடிப்படியை யாராவது அளந்து பார்த்திருக்க வேண்டிய நாளில் இருந்தது.

தீயணைப்புத் தலைவருடைய வேலையில் சரிபாதி இதுதான். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை, பட்டாசுக் கிடங்கு ஆகியவற்றைச் சோதித்து, வழி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அவரும் அவருடைய மேலதிகாரிகளுமே. எரியும் வீட்டில் நுழையத் தைரியம் வேண்டும். மெய்தான். செல்வாக்குள்ள மனிதரின் மண்டபத்துக்குச் சான்றிதழ் கொடுக்க மறுப்பதற்கு அதைவிட அதிகத் தைரியம் வேண்டும். ஒரு விபத்து வழக்கில் நாம் தஸ்தாவேஜுகளைப் பரிசீலிக்க நேர்ந்தது. எல்லாக் காகிதங்களும் முறையாக இருந்தன. முத்திரைகள் பளிச்சென்று விழுந்திருந்தன. அவசர வழிக் கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது. சாவி எவரிடம் இருந்தது என்பது கடைசிவரை விளங்கவில்லை. படித்தவர்கள், மனச்சாட்சியுள்ளவர்கள் இந்த உத்தியோகத்துக்கு வர வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, எப்படிச் சேருவது என்பதையும் சொல்லிவிடுவோம். சென்னை நகரில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் படையே வளர்ந்து இன்று ராஜ்யம் முழுவதற்குமான தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையாக இருக்கிறது. இதில் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தீயணைப்பாளராகச் சேரலாம். அண்மைக் காலத் தேர்வுகளில் ஆண்கள் பொதுவாக 170 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். அடிமட்டத்தில் சேர்ந்தவர் அநுபவத்தாலும் ஒழுக்கத்தாலும் படிப்படியாக உயர்ந்து தலைமைக்கு வரலாம். இரண்டாவது வாசல் பட்டதாரிகளுக்கு. 2023ஆம் ஆண்டில் அதே வாரியம் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பதவிகளோடு நிலைய அலுவலர் பதவிக்கும் விண்ணப்பம் கோரியது. மூன்றாவது வாசல் பப்ளிக் சர்வீஸ் கமிஷனின் முதல் தொகுதிப் பரீட்சை. அதில் தேறுவோர் நேரே மாவட்ட அலுவலர் ஆகலாம். இத்துறையில் உயர்ந்த பயிற்சி அளிப்பதற்கு நாகபுரியில் மத்திய சர்க்காரின் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது.

பெண்களுக்கு இது ஆகாது என்று எவரேனும் சொல்வாராயின், அந்த நாகபுரிக் கல்லூரியில் 2002இல் சேர்ந்து இந்தியாவின் முதல் பெண் தீயணைப்பு வீரராக வெளிவந்த ஹர்ஷினி கன்ஹேகரை நினைவூட்டுகிறோம். நம் ராஜ்யத்திலேயே பிரியா ரவிச்சந்திரன் இருக்கிறார். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்துப் பழைய கட்டடத்தில் தீ மூண்டபோது படையினருக்கு முன்னே நின்று, கடும் காயம் அடைந்து, உயிர் பிழைத்தவர் அவர். அதே தீயில் அவருடைய படையைச் சேர்ந்த ஒரு வீரர் மாண்டுபோனார்.

அந்தச் சாவைக் குறிப்பிடாமல் விட்டிருக்கலாம். பெண்ணாடத்துத் தாயார் இதைப் படிக்கக்கூடும் என்று தெரிந்தேதான் எழுதினோம். ஆபத்து இல்லை என்று அவருக்கு நாம் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஆபத்தில் எவ்வளவு நெருப்பினால் வருவது, எவ்வளவு நம் அலட்சியத்தால் வருவது என்று கணக்குப் பார்க்க வேண்டும். சுவாசக் கருவி பழுதாக இருந்தால் அது நெருப்பின் குற்றமா? வண்டிக்கு வழிவிடாமல் சந்தை நெரிசலில் நிற்கும் லாரி யாருடையது? விளையாட்டுக்காக 101க்குப் பொய்த் தகவல் கொடுப்பவன் யார்? எரிவதை வேடிக்கை பார்க்கக் கூடி, குழாயை மிதித்துக்கொண்டு நிற்பவர்கள் யார்? தம் பிள்ளையின் உயிர் எவர் கையில் இருக்கிறதென்று அத்தாய் கேட்டால், நம் எல்லோர் கையிலும் இருக்கிறது என்றே பதில் சொல்ல வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. நம் அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் காரியங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ இது ராஜ்ய சர்க்காரின் இலாகாவாகவே நடந்துவருகிறது. எவர் நடத்தினாலும் சரி, கிராமத்துக் குடிசைக்கு வண்டி எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்பதே அளவுகோல். பட்டணத்து மாடிக்கு நீண்ட ஏணி வாங்குவது அவசியம். ஆனால் கூரை வீடு எரிந்து சாம்பலாவதற்குச் சில நிமிஷங்களே போதும். பத்து மைலுக்கு அப்பாலிருந்து வரும் வண்டி சாம்பலைத்தான் அணைக்கும். காலி இடங்களை உடனுக்குடன் நிரப்புவதும், ஓய்வு நேரத்தை மனிதத்தன்மையோடு வகுப்பதும், கருவிகளைப் புதுப்பிப்பதும் தயவு அல்ல, கடமை.

கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியபோது விழுந்த மரங்களை அறுத்து வழி திறந்தவர்கள் யார்? 2015 மழை வெள்ளத்தில் கயிறும் படகுமாக வந்தவர்களில் முன்னே நின்றவர்கள் யார்? கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதற்கும், வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிப்பதற்கும் நாம் கூப்பிடுவது யாரை? அவர்கள் பெயரில் தீயணைப்பு இருந்தாலும் தண்ணீரும் காற்றும் அவர்களுடைய எதிரிகளே.

பெண்ணாடத்துக்கு அருகில் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தை அடக்கி வைத்து, கிண்ணமும் பொம்மையும் செய்யச் சொல்லி அதை வேலை வாங்குகிறார்கள் அங்குள்ள தொழிலாளிகள். நெருப்பை அறிந்தவன் அதற்கு அஞ்சுவதும் இல்லை, அதை அலட்சியம் செய்வதும் இல்லை. அந்தப் பிரதேசத்துப் பிள்ளை ஒருவர் இந்த உத்தியோகத்தை விரும்புவதில் ஆச்சரியம் என்ன?

தகப்பனாருக்கு நாம் சொல்வது இது. ஐயா, தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார ஆட்கள் ஏராளமாகக் காத்திருக்கிறார்கள். உங்கள் மகன் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்காது. நடுநிசியில் மணி அடித்தவுடன் ஐந்தாறு பேரை நடத்திக்கொண்டு, எரியும் வீட்டின் வாசலில் நின்று, நிதானம் தவறாமல் உத்தரவிடக்கூடிய மனிதர்கள் அபூர்வம். அந்தத் தகுதி தமக்கு இருக்கிறதென்று உங்கள் மகன் நம்பினால் தடுக்காதீர்கள். நாளைக் காலையிலிருந்து ஓடிப் பழகச் சொல்லுங்கள். ரஸாயனப் புஸ்தகத்தைத் தூசி தட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ப் பிரளயகாலேசுவரர் கோயிலுக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பெரும்பாலான சிவன் கோயில்களில் நந்தி ஸ்வாமியின் திருமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கேயோ அது வாசலை நோக்கித் திரும்பியிருக்கிறது. பிரளய வெள்ளம் வந்தபோது அதைத் தடுக்கும்படி கட்டளை பிறந்ததால் அப்படித் திரும்பியது என்பது தல வரலாறு. கட்டளை பெற்றவன் ஆபத்து வரும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதை உங்கள் ஊர்க் கோயிலே சொல்லும்போது, இந்தப் பத்திரிகை சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பிள்ளையை அனுப்பி வையுங்கள்.