விதைப் பொட்டலத்தில் ஒளிந்திருக்கும் ஊர்கள்

முருங்கை விதை வாங்கினால் பொட்டலத்தின் மேல் 'பி.கே.எம்.1' என்று போட்டிருக்கும். பப்பாளியில் 'கோ.3', 'கோ.7'. கத்தரியில் 'பி.எல்.ஆர்.1'. இதென்ன லாரி நம்பர் மாதிரி என்று தோன்றுகிறதில்லையா? அத்தனையும் ஊர்ப் பெயர்கள், சகோதரிகளே! பி.கே.எம். என்றால் பெரியகுளம். கோ என்றால் கோயமுத்தூர். பி.எல்.ஆர். நம் பண்ருட்டிப் பக்கத்துப் பாலூர். முந்திரிக் கன்றில் வரும் வி.ஆர்.ஐ. விருத்தாசலம். எல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலைக்காரர்கள் நமக்குக் கொடுத்தவை.

இதன் பூர்வீகம் சென்னை சைதாப்பேட்டை. 1868-ல் அங்கே விவசாயப் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது, 1906-ல் கோயமுத்தூர் போய், 1971-ல் பல்கலைக்கழகம் ஆயிற்று. வெகுகாலம் விவசாயப் படிப்பு என்றால் நெல், கரும்பு, பருத்திதான் பெரிசு. கீரையும் காயும் கொல்லைப்புறத்துச் சமாசாரம், பொம்பளைகள் பாடு! பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தோட்டக்கலைக்குத் தனிக் கல்லூரி என்கிற மரியாதை கிடைத்தது. 1990-ல் பெரியகுளத்திலும் ஒன்று திறந்தார்கள்.

பெரியகுளம் என்றால் முருங்கையைச் சொல்லாமல் முடியுமா? நம் அம்மாக்கள் காலத்தில் யாரிடமாவது போத்து கேட்டு வாங்கி வந்து நட வேண்டும். காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு காற்றடித்தால் மரம் முறிந்து விழும். 1980-களின் கடைசியில் வந்த செடிமுருங்கை இதையெல்லாம் மாற்றிவிட்டது. விதை போட்ட ஆறாம் மாதம் காய். ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளம். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ஏணி வேண்டாம், பிள்ளைகளை ஏறச் சொல்ல வேண்டாம். கையெட்டும் உயரத்தில் கீரை பறிக்கலாம். இரும்புச் சத்தும் ஏ வைட்டமினும் உள்ள கீரையாயிற்றே! கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்த விதையைப் போடுகிறார்கள்.

பப்பாளிக்கும் ஒரு கதை உண்டு. ஆசையாக நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் பாதி ஆண் மரமாகப் போகும். பூக்கும், காய்க்காது. கோயமுத்தூர்க்காரர்கள் தங்கள் கோ.2 ரகத்தை ஹவாய்த் தீவுப் பப்பாளியோடு சேர்த்து 1983-ல் கோ.3 கொண்டு வந்தார்கள். இதில் பெண் மரமும், ஒரே பூவில் இரண்டும் உள்ள மரமும்தான் வரும். வெறும் ஆண் மரம் என்ற பேச்சே இல்லை. சிறிய கொல்லைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி நம் சீமைக்கு வருவோம். பண்ருட்டி அருகே பணிக்கன்குப்பத்தில் காய்த்த ஒரு பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பாலூர்-1. வருஷத்தில் இரண்டு பருவம் காய்க்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? பாட்டன் வைத்த பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. முந்திரி உடைத்துப் பிழைக்கும் பெண்கள் வாயடைத்து நின்றார்கள். கொட்டை போட்டு முளைத்த மரம் காய்க்க நாளாகும். ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே பலன் கொடுக்கும். இழந்தவர்களுக்கு அந்த இரண்டு மூன்று வருஷம் என்பது அடுப்பெரியும் விஷயம். விருத்தாசலத்து ஒட்டுக்கன்றின் அருமை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்துத் தோட்டக்கலை படிக்கணும் என்றாள். "களை வெட்டவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று பாட்டி ஒரே சத்தம். நான் போய், "பெரியம்மா, திருச்சியில் பெண்களுக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி 2011-லிருந்து நடக்கிறது, பயம் வேண்டாம்" என்றேன். கிழவி மசியவில்லை. முந்திரி ஒட்டுக்கன்று என்ன விலை விற்கிறது என்று சொன்ன பிறகுதான் யோசித்தார்! இப்போது அந்தப் பெண் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

கன்று வேண்டுமானால் விருத்தாசலம், பாலூர் ஆராய்ச்சி நிலையங்களில் விசாரியுங்கள். இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெயில் காலத்தில் நடாமல் மழை பிடித்ததும் நட்டால் தண்ணீர் சுமக்கிற வேலை பாதி மிச்சம்.