கல்லறை கேட்கும் கேள்வி



டென்மார்க்கிலும் தென் சுவீடனிலும் வயல்வெளிகளின் நடுவே, பெரும் பாறைகளைச் சுவராக நிறுத்தி, மேலே பாறையையே கூரையாக ஏற்றிய கல்லறைகள் உள்ளன. ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன், இரும்பை அறியாத புதிய கற்கால உழவர் எழுப்பியவை அவை. படங்களில் அவற்றைக் கண்டு வியக்கும் நாம், நமக்கு அண்மையில் உள்ளதை எண்ணுவதில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே சென்றால் தம்புள்ளை. குகை விகாரையையும் சிகிரியாவையும் காண விரைவோர், அருகிலுள்ள இப்பன்கட்டுவையைக் கடந்து போய்விடுகின்றனர். 1970இல் இனங்காணப்பட்ட பெருங்கற்கால ஈமக்காடு அது. 1983-84, 1988-90, 2015 ஆகிய ஆண்டுகளில் அங்கு அகழ்வாய்வுகள் நடைபெற்றன. 2017இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையால் மூடியிருக்கிறார்கள். உள்ளே, எரித்தபின் எஞ்சிய சாம்பலும் எலும்பும் கொண்ட தாழிகள். மட்கலங்கள், இரும்புப் பொருள்கள், மணிமாலைகள். அவற்றுள் சில கற்கள் கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்தவை எனக் கருதப்படுகிறது. காலம் கி.மு. 700 முதல் 400 வரை என்பர். வடபுலத்துக் கல்லறைகளுக்கு இவை 2500 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தியவை, இரும்புக் காலத்தவை. உருவம் ஒத்திருப்பதால் ஒரே இனத்தார் கட்டினர் என்பது பொருந்தாது. மாண்டவரை மறக்க விரும்பாத மனம் எங்கும் கல்லையே நாடியது எனலாம்.

நமக்கு நெருங்கிய உறவு வேறிடத்தில் உண்டு. புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பிலும், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும், பொருநைக்கரை ஆதிச்சநல்லூரிலும் பெருங்கற்கால ஈமங்கள் வெளிப்பட்டுள்ளன. இலக்கியமும் இதற்குச் சான்று கூறும். சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை முறைகளை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் காட்டுகிறது. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். இப்பன்கட்டுவையின் கலங்களைக் காணும்போது அந்தக் குரல் கற்பனையன்று என்பது விளங்கும்.

இவர்கள் யார்? சிங்களவரா, தமிழரா? இந்நாட்டில் இக்கேள்வி வெறும் ஆராய்ச்சியாக நின்றதில்லை. முதலில் வந்தவர் யார் என்ற வாதத்துக்கு ஆயுதமாகவும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு மட்கலத்தின் வடிவம் அதை வனைந்தவரின் தாய்மொழியைச் சொல்லிவிடாது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே வகைப் பண்பாடு நிலவியது என்பதையே அக்கற்கள் உறுதிப்படுத்துகின்றன. அதில் இன்றைய இரு மக்களின் முன்னோரும் கலந்திருக்க இடமுண்டு.

தம்புள்ளைக்குச் செல்லும் நேயர்கள் ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இது யாருடைய நிலம் என்று கேட்கும் முன், இங்கே யாரோ ஒருவருக்காக யாரோ அழுதிருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறியட்டும்.