கட்டுமுன் அனுமதி, திறக்குமுன் சான்றிதழ்

"சோலைவரி ஒழுங்காகக் கட்டுகிறேன், வியாபார அனுமதிப்பத்திரமும் இருக்கிறது, மின்சாரமும் தந்திருக்கிறார்கள். பிறகு என்ன பிரச்சினை?" மடுல்கெல்ல, பன்வில, வத்தேகம பகுதிகளில் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் கட்டடச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் கேட்கிறேன். பிரச்சினை இருக்கிறது. சோலைவரி காணி, கட்டடத்துக்கான வரி. வியாபார அனுமதிப்பத்திரம் தொழிலுக்கானது. இவை இரண்டுமே உங்கள் கட்டடம் சட்டப்படி கட்டப்பட்டது என்பதற்குச் சான்று அல்ல.

இலங்கையில் இது புதிய சட்டமும் அல்ல. உள்ளூராட்சி மன்றம் அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்பதை 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பொருந்தும். உங்கள் காணி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கண்டி நகரின் புனித எல்லைக்குள் உயரம், கூரை, முகப்பு ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு.

இந்தச் சட்டங்கள் இரண்டு ஆவணங்களைக் கேட்கின்றன. ஒன்று, வேலை தொடங்குமுன் பெறும் அனுமதி. மற்றது, வேலை முடிந்ததும் பெறும் இணக்கச் சான்றிதழ். நம்மவர்கள் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டடம் எழுந்திருக்கிறது என்று சபை உறுதிப்படுத்துவதே இந்தச் சான்றிதழ். அது இல்லாமல் கட்டடத்தைப் பாவிப்பதே சட்டத்துக்கு முரண். வங்கியில் கட்டடத்தை ஈடு வைக்கப் போகும்போதும், விற்கப் போகும்போதும், வாரிசுகள் பங்கு பிரிக்கும்போதும் இந்தக் குறை வெளியே வரும். மீறல் நீடித்தால் முதலில் அறிவித்தல் வரும். அதற்கும் இணங்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரை சென்று, இடிக்கும் கட்டளையும் பிறப்பிக்கப்படலாம்.

மலைநாட்டில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. நமது கடைகள் பல சரிவை வெட்டிய நிலத்தில் நிற்கின்றன. இரண்டு மாடிக்கு அத்திவாரம் போட்டவர், வியாபாரம் பெருகியதும் பாஸ்மாரின் பேச்சை நம்பி மூன்றாவது, நான்காவது மாடியை ஏற்றுகிறார். 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலை கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து அயல் வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டிலிருந்த ஒரு தம்பதியும் அவர்களது கைக்குழந்தையும் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கண்ட மண்சரிவுகளை நாம் யாரும் மறக்க முடியாது. எனவே மண்சரிவு அபாயமுள்ள காணியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுவதை வெறும் அலைச்சலாக நினைக்காதீர்கள். எவ்வளவு வெட்டலாம், தாங்குசுவர் எங்கே வேண்டும், மழைநீர் எந்தக் கானால் போக வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

காரியத்தை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. உறுதியையும் நில அளவையாளரின் வரைபடத்தையும் ஒப்பிட்டு எல்லையைச் சரிபாருங்கள்.

2. வீதிக்கும் கட்டடத்துக்கும் இடையில் எத்தனை அடி விட வேண்டும் என்று கேளுங்கள். பிரதான வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டும்.

3. சரிவான காணியானால் மண்சரிவு அறிக்கையை எடுத்த பின்னரே வரைபடம் கீறக் கொடுங்கள்.

4. அனுமதி காலவரையறை உடையது. காலம் முடியுமுன் புதுப்பியுங்கள்.

5. இடையில் ஒரு சுவரை மாற்றினாலும் திருத்திய வரைபடத்தைச் சபைக்குக் கொடுங்கள்.

6. முடிந்ததும் இணக்கச் சான்றிதழைப் பெற்று உறுதியுடன் சேர்த்து வையுங்கள்.

ஏற்கனவே அனுமதியின்றிக் கட்டியவர்கள் ஒளிந்திருப்பதில் பயனில்லை. தகுதியுள்ள பொறியியலாளரிடம் கட்டடத்தின் பலத்தைப் பரிசோதித்து, உள்ளபடியே வரைபடம் தயாரித்துச் சபைக்குச் செல்லுங்கள். விதிகளுக்குப் பொருந்தக்கூடிய கட்டடமானால், மேலதிகக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்த இடமுண்டு. பொருந்தாத பகுதியை நீங்களே அகற்றிவிடுவது, நீதிமன்றக் கட்டளை வரும்வரை காத்திருப்பதைவிடச் செலவு குறைந்தது.

நாம் கட்டும் சுவருக்குக் கீழே இன்னொருவரின் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அயலவரின் உரிமையை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் வியாபாரிக்கு, வரைபட அனுமதி என்பது சபைக்குக் காட்டும் காகிதம் மட்டுமல்ல, அதுவும் ஓர் அமானிதமே.