மீண்டும் சைக்கிள் ஏறுமுன்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, அரபிக் கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம் தமிழருக்குப் புதிய ஊர் அன்று. ஆய் வேளிரும், பாண்டியரும், சோழரும் உரிமை கொண்டாடிய பழந்துறைமுகம் அது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அங்கே புதிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விழிஞ்ஞத்திலும், அதனையடுத்த முக்கோலை, கோவளம் முதலிய இடங்களிலும் தொழில் நிமித்தம் குடியிருக்கும் நம்மவர் உளர். அவர்களுள் சிலருக்குச் சைக்கிளே வேலைக்கும் கடைத்தெருவுக்கும் துணை. வேறு சிலர் உடல் நலத்தைக் கருதி அதிகாலையில் சைக்கிள் ஓட்டுகின்றனர்.

சாலை மேட்டிலிருந்து மீன்பிடி துறைமுகத்தை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. கரையோரச் சாலைகளில் காற்று மணலைக் கொணர்ந்து பரப்புகிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால், ஈரமும் மணலும் சேர்ந்து சக்கரத்தை வழுக்கச் செய்கின்றன. இத்தகைய இடத்தில் விழுந்து அடிபட்டவர் எவ்வாறு குணமடைவது, எப்பொழுது மீண்டும் சைக்கிள் ஏறுவது என்பதை ஈண்டு ஆராய்வோம். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் எவ்வூரில் இருப்பினும் இச்செய்திகள் பொருந்தும்.

அடிபட்டவர் பலரும், “வலி நின்றுவிட்டது, இனி ஓட்டலாம்” என்று எண்ணுகின்றனர். நாட்கூலியை நம்பி வாழ்பவருக்கு இவ்வெண்ணம் இன்னும் விரைவில் எழுவது இயல்பே. ஆனால் வலி நிற்பது ஒன்று. உடல் ஆறுவது வேறொன்று. எலும்பு கூட வேண்டும். தசை வலுப்பெற வேண்டும். மனம் துணிய வேண்டும். இம்மூன்றும் ஒரே நாளில் நிறைவேறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் உண்டு.

முதலில், விழுந்தவுடன் கவனிக்க வேண்டியவை. தலையில் அடிபட்டு நினைவு தவறினாலும், வாந்தி எடுத்தாலும், தலைவலி வரவர மிகுந்தாலும், பேச்சுக் குழறினாலும், தூக்கக் கலக்கம் கண்டாலும் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கேரளத்திலும் 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். விழிஞ்ஞத்தில் அரசின் சமூக சுகாதார மையம் உள்ளது. பெருங்காயங்களுக்கு 1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. மூளையதிர்ச்சி கண்டவர் அன்றே மீண்டும் சைக்கிள் ஏறுதல் ஆகாது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்லிய நடை, பிறகு சிறு பயிற்சி என்று படிப்படியாக முன்னேற வேண்டும். ஒரு படியில் தலைவலியோ மயக்கமோ மிகுந்தால் முந்திய படிக்கே திரும்ப வேண்டும்.

தோல் சிராய்ந்த இடத்தைத் தூய நீராலும் சோப்பினாலும் கழுவி, மண்துகளை அகற்ற வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றை அப்புவது கேட்டை விளைவிக்கும். சாலை மண் பட்ட புண்ணாதலால், ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேட்டறிய வேண்டும்.

இனி எலும்புகளைக் காண்போம். சைக்கிளிலிருந்து விழுபவர் தோள் தரையில் மோத விழுவர். அல்லது கையை ஊன்றி விழுவர். தோள் மோதினால், கழுத்துக்குக் கீழே தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு முறிவது மிகுதி. முறிந்த துண்டுகள் அதிகம் விலகாதிருந்தால், கையைத் துணியில் தாங்கவிட்டு வைத்திருந்தாலே பெரும்பாலும் கூடிவிடும். எலும்பு தோலைத் துளைத்தாலோ, துண்டுகள் வெகுதூரம் விலகினாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுக்குக் கேடு. அங்கே கட்டைவிரலின் அடியில் படகெலும்பு என்றொரு சிறிய எலும்பு உண்டு. கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி தோன்றும். அக்குழியை அழுத்தும்போது வலி இருக்குமாயின், அவ்வெலும்பு முறிந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இதன் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் சில வேளை தெரிவதில்லை. ஆதலால் டாக்டர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்கள் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொல்வார். “படத்தில் ஒன்றும் இல்லையே” என்று கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குச் செல்பவர் பின்னாளில் வருந்த நேரும். இவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. முறிவினால் அவ்வோட்டம் தடைப்பட்டால், முன்கைப் பக்கத்துத் துண்டு உயிரிழந்துபோகும். பிறகு பிடிப்பு வலுவிழந்து, மணிக்கட்டு காலமெல்லாம் வலிக்கும். கைத்தொழிலையே முதலாகக் கொண்டவருக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ?

தெற்குத் திருவிதாங்கூரிலும் தமிழ்நாட்டிலும் வர்ம வைத்தியமும் எலும்புக் கட்டும் நெடுங்கால வழக்கங்கள். அவற்றில் நம்பிக்கை உடையோர் பலர். எந்த முறையை நாடினும் முதலில் எக்ஸ்ரே எடுத்து, முறிவின் தன்மையை அறிவது அவசியம். எந்தக் கட்டாயினும், விரல்கள் நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், அசைக்கும்போது தாங்கொணா வலி எழுந்தாலும், கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். அப்போது விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முறிந்த எலும்பு எவ்வாறு கூடுகிறது? முறிவிடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது. அது மெல்ல மெல்ல எலும்பாக இறுகுகிறது. வளர்ந்தவர்களின் காறை எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் ஆகும். குழந்தைகளுக்கு இதனினும் விரைவில் கூடும். பழைய உருவையும் முழு உறுதியையும் பெறுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். வலியோ சில வாரங்களிலேயே தணிந்துவிடும். இவ்விடைக்காலமே அபாயமானது; மீண்டும் விழுந்தால் அதே இடத்தில் முறியும். பீடி, சிகரெட் புகைப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோய் உடையவர் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர்களின் கதை சிலருக்கு அவசரத்தை மூட்டக்கூடும். டென்மார்க்கு நாட்டு வீரர் யோனாஸ் விங்ககோ 2024 ஏப்ரல் 4ஆம் நாள் ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டார். அவரே அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் தொடங்கிய பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில் கலந்து, இரண்டாம் இடம் பெற்றார். பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் 2024 டிசம்பர் 3ஆம் நாள் பயிற்சியின்போது, தபால் வண்டியொன்றின் திறந்த கதவில் மோதி எலும்புகள் முறியப் பெற்றார். அவர் பந்தயத்துக்குத் திரும்பியது 2025 ஏப்ரல் 18ஆம் நாள்; அன்றே வெற்றியும் கண்டார். ஒருவருக்கு மூன்று மாதத்துக்கும் குறைவு. மற்றவருக்கு நான்கரை மாதம். இருவருக்கும் நாள்தோறும் மருத்துவர், பயிற்சியாளர் ஆகியோரின் துணை இருந்தது. அவர்களுக்கே கணக்கு இவ்வாறு வேறுபடுமாயின், அண்டை வீட்டார் ஆறு வாரத்தில் ஓட்டினார் என்பது நமக்கு அளவுகோல் ஆகாது.

அடுத்தது தசை. கட்டுக்குள் கிடந்த கை சில வாரங்களில் மெலிந்துவிடும், மூட்டு விறைத்துவிடும். ஆகவே கட்டு இருக்கும் காலத்திலேயே, டாக்டர் அனுமதிக்கும் அளவில் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். கட்டு அவிழ்ந்த பின் இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். டாக்டர் இசைந்தால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் பயிற்சிச் சைக்கிளில் கால்களின் வலுவைக் காத்துக்கொள்ளலாம். சாலைக்குச் செல்லுமுன் சில சோதனைகள் செய்துகொள்வது நன்று. இரு பிரேக்குகளையும் வலியின்றி இறுகப் பிடிக்க முடிகிறதா? இரு கைகளையும் சுவரில் ஊன்றி உடல் எடையைத் தாங்க முடிகிறதா? கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிகிறதா? ஒரு கையை எடுத்துச் சைகை காட்ட முடிகிறதா? இவற்றுள் ஒன்று இயலாவிடினும் இன்னும் காலம் வரவில்லை என்பது தெளிவு.

மூன்றாவது மனம். விழுந்தவர் அஞ்சுவது கோழைத்தனம் அன்று. உடல் கற்ற பாடம் அது. எனினும் அச்சத்தால் கைகள் விறைத்திருந்தால் சைக்கிள் தடுமாறும். முதலில் வண்டிப் போக்குவரத்தில்லாத சமதளத்தில் 15, 20 நிமிடங்கள் மட்டும் ஓட்டலாம். விழுந்த சரிவில் முதலில் நடந்து செல்லலாம். பிறகு வண்டியைத் தள்ளிச் செல்லலாம். இறுதியில் பகலில், உலர்ந்த சாலையில் ஓட்டலாம். கேரியரில் சுமை ஏற்றுவது எல்லாவற்றுக்கும் பின்னரே. ஒரு மாதத்துக்கு மேலும் அந்த விபத்து கனவில் வந்து தூக்கத்தைக் கெடுக்குமாயின், அதனையும் டாக்டரிடம் கூறத் தயங்க வேண்டாம்.

ஆளைப் போல வண்டியையும் சோதிக்க வேண்டும். ஹாண்டில்பார், ஃபோர்க், ரிம், பிரேக் ஆகியவற்றில் வளைவோ வெடிப்போ உள்ளதா என்று சைக்கிள் கடையில் பார்க்கச் செய்க. அடிபட்ட தலைக்கவசம் வெளியே நன்றாகத் தோன்றினும் அதனை மாற்றிவிடுக.

இறுதியாக, வெளியூரில் வாழ்வோர் மறக்கலாகாத செய்தி ஒன்று. மோட்டார் வாகனம் மோதிக் காயமுற்றவருக்கு, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில், விபத்து நேர்ந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரையில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2025 மே 5ஆம் நாள் மத்திய அரசு அறிவித்தது. நாட்டின் எந்தச் சாலையாயினும் அது பொருந்தும். தாமே வழுக்கி விழுந்தவருக்குப் பொருந்தாது. ஆகவே மோதல் நேர்ந்தால் போலீஸாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே படம், விடுவிப்புக் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். நட்ட ஈடு கோருவதற்கும், ஊர் திரும்பிச் சிகிச்சையைத் தொடர்வதற்கும் அவையே சான்று.

குடும்பம் ஊரில் காத்திருக்க, கூலியை இழந்து அறையில் படுத்திருப்பது எளிதன்று. அதனை நாம் அறிவோம். ஆயினும் இரண்டு வாரக் கூலிக்காக ஆயுட்காலக் கைவலிமையைப் பணயம் வைத்தல் தகாது. டாக்டர் குறித்த நாளில் சென்று, எலும்பு கூடியதைப் படத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே மீண்டும் சைக்கிள் ஏறுவோமாக.