புயல் சாய்த்த காட்டில் ஆராய வேண்டியவை

2018 நவம்பர் 16-ம் நாள் விடியுமுன் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்த கஜா புயல் சாய்த்த தென்னைகளை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே இரவில் கோடியக்கரைக் காடும் சாய்ந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் மரங்கள் வேரோடு பெயர்ந்தன. மான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்தன.

தென்னை போன இடத்தில் கன்று வைத்தால் சில ஆண்டுகளில் காய் பார்க்கலாம். காட்டின் கதை வேறு. இங்குள்ள உலர் பசுமைமாறாக் காட்டின் முக்கிய மரமான பாலை, மிக மெதுவாக வளரும். பெரிய மரம் விழுந்ததும் தரையில் வெயில் படுகிறது. அந்த இடத்தைப் பிடிக்கச் சீமைக் கருவேல் காத்திருக்கிறது. அதன் காய்களைத் தின்னும் கால்நடைகளும் குதிரைகளும் சாணத்தின் மூலம் விதையைப் பரப்புகின்றன. ஆகவே மரம் விழுந்த இடங்களிலும் விழாத இடங்களிலும் நிலையான மாதிரித் துண்டுகளை அமைத்து, பாலைக் கன்று எத்தனை, கருவேல் கன்று எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ண வேண்டும். பாதித் துண்டுகளுக்கு வேலியிட்டால் மேய்ச்சலின் பங்கும் தெரிந்துவிடும். சாய்ந்தும் வேர் அறாத பாலை துளிர்க்கிறதா என்பதையும் குறித்துவர வேண்டும்.

விழுந்த மரங்களை அகற்றலாமா? அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வனாந்தரக் காட்டில் 1999 ஜூலை 4-ல் வீசிய சூறைக்காற்று கோடிக்கணக்கான மரங்களை முறித்தது. வனாந்தரப் பகுதியில் மரம் வெட்டி எடுக்கச் சட்டம் இடம் தராததால் அவை அங்கேயே கிடந்தன. தீ அபாயத்தைக் குறைக்கச் சில பகுதிகளைத் திட்டமிட்டு எரித்தனர். இருந்தும் 2006, 2007-ம் ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் பெருந்தீ பரவியது. பருமனான மரங்களே அதிகம் மடிந்தன என்பதை அங்கு அளந்து கண்டறிந்தனர். அந்தப் பட்டறிவை அப்படியே இங்கு ஒட்டவைப்பது சரியன்று. அது குளிர்நாட்டு ஊசியிலைக் காடு; நம் காட்டில் கறையான் உண்டு. கிடக்கும் முள்ளும் கிளையும் இளங்கன்றை மானிடமிருந்து காக்கவும் கூடும். சில துண்டுகளில் அகற்றியும் சிலவற்றில் விட்டும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

கடல்நீர் ஏறும் தாழ்விடங்களில் மண்ணின் உப்பு நிலையையும் பருவந்தோறும் சோதிக்க வேண்டும். மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேலிருந்தால் அது உவர் மண்.

1952, 1977-ம் ஆண்டுகளிலும் புயல்கள் இக்கரையைத் தாக்கின. 1977 புயலைக் கண்ட பெரியவர்கள் சுற்றுக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் மரம் நின்றது, எங்கே கருவேல் புகுந்தது என்று அவர்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்தபின் மாதிரித் துண்டுகளுக்கு இடம் தேர்ந்தெடுப்பது நல்லது.