ஆண்களே இல்லாத கிரகத்தில் ஒரு காதல்!

பூமிக்கு வெகு தொலைவில் ஒரு கிரகம். அதன் பெயர் ஜீப்.

அந்தக் கிரகத்தில் ஒரு கொடிய விஷக்கிருமி இருக்கிறது. அது தொற்றினால் ஆண்களில் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை. பெண்களிலும் பலர் செத்துப்போகிறார்கள். பிழைத்த பெண்கள் மட்டும் அங்கே வாழ்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள்! பிள்ளையும் பெறுகிறார்கள்!

ஆண் வாடையே இல்லாத இடத்தில் பிள்ளை எப்படிப் பிறக்கிறது? இந்த மர்மத்தைக் கண்டறிய பூமியில் இருந்து ஒரு பெண் புறப்படுகிறாள். அவள் பெயர் மார்கே. பலவகை மக்களின் வாழ்க்கையை ஆராய்வது அவள் தொழில். விஷக்கிருமி தாக்காமல் இருக்க ஒரு புது மருந்தும் அவளிடம் இருக்கிறது. அந்த மருந்துக்கு ஆயுள் ஆறே மாதம்.

ஆறு மாதத்துக்குள் அவள் திரும்பவேண்டும். திரும்பினாளா?

இது நிஜக் கதை அல்ல. "அம்மோனைட்" என்ற ஆங்கில விஞ்ஞான நாவலில் வரும் கதை. இதை எழுதியவர் நிக்கோலா கிரிஃபித் என்ற பெண்மணி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1960-ம் ஆண்டு பிறந்தவர்.

பனியில் தப்பிய பெண்

மார்கே வடக்கே போகிறாள். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிதான். முரட்டுக் கூட்டம் ஒன்று அவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதுவும் பெண்கள் கூட்டம்தான். குதிரை ஏறி, ஈட்டி பிடித்துச் சண்டை போடும் பெண்கள்!

கடும் பனிப்புயலில் மார்கே தப்பி ஓடுகிறாள். குளிரில் அவள் விரல்கள் உணர்ச்சி அற்றுப்போகின்றன. சாகும் நிலையில் ஒரு கிராமத்துப் பெண்கள் அவளைக் காப்பாற்றுகிறார்கள்.

அந்தக் கிராமத்தில்தான் அவள் தெனிக்கே என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். தெனிக்கே ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறவள். வைத்தியமும் தெரிந்தவள். மார்கேயின் காயங்களை அவள் ஆற்றுகிறாள். இருவரும் சேர்ந்து பயணம் போகிறார்கள். பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பழக்கம் நேசமாகிறது. நேசம் காதலாகிறது.

இப்போது மார்கேயின் முன்னே இரண்டு வழிகள். மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, காலம் முடிந்ததும் கிளம்பிவிடலாம். அல்லது மருந்தை நிறுத்திவிட்டு, நோயை ஏற்றுக்கொண்டு, அங்கேயே வாழலாம். பிழைப்போம் என்ற நிச்சயம் கிடையாது.

அவள் மருந்தை நிறுத்திவிடுகிறாள். காய்ச்சலில் படுக்கிறாள். பிழைத்து எழுகிறாள். அந்த ஊர்க்காரி ஆகிவிடுகிறாள்.

இந்த முடிவில் ஒரு விசேஷம் இருக்கிறது. காதலித்த இரண்டு பெண்களும் கதை முடியும்போது உயிரோடு இருக்கிறார்கள். சேர்ந்து இருக்கிறார்கள்!

"இதில் என்ன விசேஷம்?" என்று கேட்கலாம். விசேஷம்தான். பெண்ணைப் பெண் காதலிக்கும் கதை இப்படி முடிவதற்கு ஒரு காலத்தில் அமெரிக்காவில் தடை இருந்தது.

தபால்காரருக்குப் பயம்

1952-ம் ஆண்டு அமெரிக்காவில் "ஸ்பிரிங் ஃபயர்" என்ற மலிவுப் பதிப்பு நாவல் வெளிவந்தது. கல்லூரி மாணவிகள் இருவர் காதலிக்கும் கதை. எழுதியவர் மரிஜேன் மீக்கர். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. வின் பேக்கர் என்ற புனைபெயர்தான் இருந்தது.

எழுதும்போதே பதிப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் காதல் இன்பமாக முடியக்கூடாது என்றார். காரணம் என்ன? புத்தகங்கள் தபாலில் போகவேண்டும். தபால் அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தக் காதலைப் புகழ்வதுபோல் இருந்தால், ஆபாசம் என்று சொல்லிப் பறித்துவிடுவார்கள்!

ஆகவே கதையில் ஒரு பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்தது. மற்றவள், "நான் அவளை உண்மையாகக் காதலிக்கவில்லை" என்று மனத்தை மாற்றிக்கொண்டாள். புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது. படித்த பெண்களில் பலர் தங்கள் மனத்தை அதில் கண்டார்கள். அதே புத்தகத்தில் தங்களுக்கு எழுதப்பட்ட தண்டனையையும் கண்டார்கள்.

கார்பன் தாளில் ஒரு பத்திரிகை

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இந்தக் காவலைத் தாண்டினார். அவர் பெயர் எடித் ஐடி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சினிமாக் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை. விஞ்ஞானக் கதைகள் என்றால் அவருக்கு உயிர். அந்தக் கதைகளின் ரசிகர்கள் தாங்களே சிறு பத்திரிகைகள் தயாரித்து, ஒருவருக்கு ஒருவர் கொடுத்துக்கொள்வது வழக்கம். எடித்தும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

1947-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் "வைஸ் வெர்சா" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெண்களைக் காதலிக்கும் பெண்களுக்காக அமெரிக்காவில் வந்த முதல் பத்திரிகை அதுதான். ஆபீசில் வேலை இல்லாத நேரத்தில், கார்பன் தாள் வைத்து டைப் அடித்தார். ஓர் இதழுக்குப் பத்துப் பிரதி அளவில்தான் வரும். தபாலில் போட்டால் வம்பு என்று கையாலேயே கொடுத்தார். ஒன்பது இதழ்கள் வந்தன. பிறகு வேறு வேலைக்குப் போனார். அங்கே தனியாக உட்கார்ந்து டைப் அடிக்க வசதி இல்லை. பத்திரிகை நின்றது.

சட்டம் எட்டாத இடம்

ஊரில் நடப்பதாகக் கதை எழுதினால், ஊர்ச் சட்டம் குறுக்கே வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். போலீஸ் வருகிறது. வேறு கிரகத்தில் நடப்பதாக எழுதினால்? அங்கே எழுத்தாளர் வைத்ததுதான் சட்டம்!

1972-ம் ஆண்டு ஜோவான்னா ரஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதைச் செய்து காட்டினார். அவர் எழுதிய சிறுகதையில் வைல்அவே என்ற உலகம் வருகிறது. அங்கே ஆண்கள் நோயில் அழிந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பெண்களே உழுகிறார்கள். யந்திரம் ஓட்டுகிறார்கள். கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். கதை சொல்லும் ஜேனட்டுக்கு மனைவியும் மகளும் உண்டு. சாதாரணக் குடும்பம்!

ஒருநாள் பூமியில் இருந்து ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். தன் வாழ்க்கை இனி என்ன ஆகுமோ என்று ஜேனட் கலங்குகிறாள். அந்தக் கதைக்கு நெபுலா பரிசு கிடைத்தது.

ஜேனட்டின் கலக்கத்தோடு அந்தக் கதை முடிந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த "அம்மோனைட்" கதையில், மார்கே அச்சம் தாண்டி வாழ்கிறாள்.

எழுதியவர் வாழ்க்கை

கதையைவிட எழுதியவர் வாழ்க்கை இன்னும் வியப்பானது.

1988-ம் ஆண்டு, எழுத்துப் பயிற்சிக்காக நிக்கோலா அமெரிக்காவுக்குப் போனார். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு வாரப் பயிற்சி. அங்கே கெல்லி எஸ்க்ரிட்ஜ் என்ற பெண்ணைச் சந்தித்தார். காதல் பிறந்தது. சேர்ந்து வாழ விரும்பினார்கள். ஆனால் கெல்லி அமெரிக்கர். நிக்கோலா அயல்நாட்டவர்.

பெண்ணைக் காதலிக்கும் பெண்ணும், ஆணைக் காதலிக்கும் ஆணும் அமெரிக்காவில் குடியேறக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. அந்தத் தடை 1990-ம் ஆண்டில்தான் நீங்கியது. அதன்பிறகும், மனைவி என்ற உரிமையில் குடியேற வழி இல்லை. அவர்கள் கல்யாணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லையே!

நிக்கோலாவுக்கு எழுத்துதான் கைகொடுத்தது. இவர் இங்கே வாழ்வது நாட்டின் நலனுக்கு உகந்தது என்று அமெரிக்க சர்க்கார் சொன்னது. அனுமதி கிடைத்தது. பழமை விரும்பிகள் முகம் சுளித்தார்கள். ஒரு பெரிய நாளிதழின் முதல் பக்கத்திலேயே அந்தச் செய்தி வந்தது.

1993-ம் ஆண்டு மார்ச் மாதம், நரம்பைத் தாக்கும் நோய் நிக்கோலாவுக்கு இருப்பது தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, நண்பர்கள் முன்னிலையில் நிக்கோலாவும் கெல்லியும் மணம் செய்துகொண்டார்கள். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் அல்ல.

இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2013-ம் ஆண்டு, அதே செப்டம்பர் 4-ந் தேதி, மீண்டும் மணந்தார்கள். இந்தத் தடவை சட்டப்படி!

2025-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம் நிக்கோலாவுக்கு "கிராண்ட் மாஸ்டர்" பட்டம் தந்தது. அந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த கௌரவம் அது.

மரத்துக்குள் காதல் கடிதம்

இப்போது இத்தகைய கதைகள் ஏராளம். 2019-ம் ஆண்டு, அமல் எல்-மொஹ்தார், மேக்ஸ் கிளாட்ஸ்டோன் என்ற இருவர் சேர்ந்து ஒரு குறுநாவல் எழுதினார்கள். அதில் இரண்டு பெண் ஒற்றர்கள். ஒருத்தி பெயர் ரெட். மற்றவள் பெயர் புளூ. காலத்தின் ஊடே முன்னும் பின்னும் போய்ப் போர் செய்யும் இரண்டு எதிரிப் படைகளைச் சேர்ந்தவர்கள்.

எதிரிக்கு எதிரி கேலியாகக் கடிதம் எழுதுகிறாள். பதில் வருகிறது. ஒரு கடிதம் மரத்தின் வளையங்களுக்குள் ஒளிந்திருக்கிறது! படித்ததும் அழித்துவிடவேண்டும். தலைவர்கள் கண்டால் மரணம்தான். கேலி மெல்ல மெல்லக் காதலாக மாறுகிறது. இந்தக் கதை ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பெரும் பரிசுகளையும் தட்டிச் சென்றது.

கடைசியில் ரெட்டும் புளூவும் பிழைத்தார்களா? அதை இங்கே சொல்லப்போவதில்லை. படித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம். அவர்கள் சாகவேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தபால் அதிகாரி யாரும் உத்தரவு போடவில்லை!